ஸ்பார்க் பிளக்

காசில்லாமல் அல்ல,
அறுந்துபோனாலும் வருத்தமிருக்காதே என்றுதான்
ஈயக்குண்டுக்குப் பதில்
பழைய ஸ்பார்க் பிளக்குகளைக் கட்டுகிறார் அபூ ஜாஸிம்.
எந்தக் காரையோ எந்தச் சாலையிலோ ஓட்டிக்
கரிபிடித்த ஒன்று
இப்போது ஆறு பாகம் ஆழத்தில்
ஷேரி மீனுக்காகக் காத்துக்கிடக்கிறது.

இரவு டூட்டி முடிந்து
யூனிஃபார்மோடே அஸ்கர் துறைக்கு வந்துவிட்டோம்:
இசக்கியம்மாள், மெஹ்ருன்னிசா, கிறிஸ்டில்டா, நான்.
கிறிஸ்டில்டாவின் கணவன் செல்வின்
ஐஸ்பெட்டியும் கணவாயும் அரைத் தூக்கமுமாக.
படகு கிளம்பியதும் திரும்பி,
அதோ என் பிளான்ட் என்று
அலுமினிய ஆலையின் விளக்குகளைக் காட்டினான்.
ஒவ்வொரு முறையும் காட்டுவான்.
ஒவ்வொரு முறையும் பார்ப்போம்.

நான் நரம்பு என்பேன்.
தங்கூசி என்று திருத்துவாள் கிறிஸ்டில்டா, குளச்சல்காரி.
இரவெல்லாம் கிழவர்களின் முழங்கையில் நரம்பு தேடியவளுக்கு
இது சுலபம்.
விரலில் சுற்றிக்கொண்டு சும்மா இருந்தால் போதும்,
கீழிருந்து அதுவே துடித்துக் காட்டும்.

ஆகஸ்டுக் கடல், ஆறாத கஞ்சி.
கையை விட்டுப் பார்த்த மெஹ்ருன்னிசா
பாராசிட்டமால் எழுதலாம் என்றாள்.

அபூ ஜாஸிமுக்குத் தமிழில் மூன்று சொல் தெரியும்:
இழு. விடு. சாப்பிடு.
இருபது வருடம் நம் ஆட்களோடு கடலுக்குப் போனவர்.
நான்காவது தேவைப்பட்டதில்லையாம்.

செல்வினின் கட்டைவிரலில் தூண்டில் ஏறியது ஏழு மணிக்கு.
நான்கு நர்ஸ்கள், நான்கு அபிப்பிராயம்.
நாங்கள் பேசி முடிப்பதற்குள்
முள்ளை முன்பக்கமாகத் தள்ளி
குறடால் நறுக்கி எறிந்துவிட்டார் அபூ ஜாஸிம்.
சாப்பிடு, என்று
ஒரு பேரீச்சம்பழத்தை அவன் வாயில் வைத்தார்.

மூன்று பயணமாக இசக்கிக்கு ஒரு மீனும் இல்லை.
அவள் நரம்புதான் அன்று கனத்தது.
பாறை என்றோம். அசைகிறது என்றாள்.
இழு! என்றார் அபூ ஜாஸிம்,
கொக்கிக் கயிற்றை இறக்கி.
ஆறு பேர் இழுத்தோம்.

வந்தது கர்கூர்.
கவிழ்த்த கூடை மாதிரிக் கம்பிக்கூண்டு.
மிதவை எப்போதோ அறுந்து,
ஆள் மறந்து,
அடியில் தன்பாட்டுக்கு மீன் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.
உள்ளே முட்கள். பாதி ஸாஃபி ஒன்று.
மூலையில் ஒரு ஹாமூர்,
தலை பெரிது, உடம்பு வற்றி,
வாயைத் திறந்து மூடியபடி.

என் தூண்டில், என் மீன் என்றாள் இசக்கி.
கிலோ நாலு தினார் என்றான் செல்வின், கட்டுப்போட்ட விரலோடு.
புளி எவ்வளவு கரைக்க வேண்டும் என்பதுவரை பேசிவிட்டோம்.

அதே குறடு. கம்பிக் கதவு திறந்தது.
இரண்டு கையாலும் ஏந்தினாள்.
ஐ.சி.யூ. பழக்கம்,
கண் தானாக வாட்சுக்குப் போனது.
செவுள் அசைவதை எண்ண ஆரம்பித்தாள்.
நாங்களும் வாய்க்குள் எண்ணினோம்.
யாரும் எண்ணிக்கையைச் சொல்லவில்லை.

விடு, என்று அபூ ஜாஸிம் சொன்னபோது
அவள் கை ஏற்கெனவே தண்ணீருக்குள் இருந்தது.

அது போகவில்லை.
படகின் நிழலிலேயே நின்றது, வெகுநேரம்.
அந்தப் பக்கம் யாரும் தூண்டில் போடவில்லை.
போட வேண்டாம் என்று யாரும் சொல்லவுமில்லை.

திரும்பும்போது கூண்டு முன்பலகையை அடைத்துக்கொண்டது.
ஒருவர் மடியில் ஒருவர் கால் நீட்டி வந்தோம்.
மெஹ்ருன்னிசா குறட்டை விட்டாள்.

ஃபிளாட் லிஃப்டில் எங்கள் மேல் வீசிய கவிச்சிக்கு
மூக்கைச் சுளிக்காமல்
எத்தனை கிடைத்தது என்றாள் மூன்றாம் மாடி ரோவேனா.

பதினொன்று என்றேன்.

பன்னிரண்டு என்றாள் இசக்கி.