நான்கு ராகேல்கள்

எங்கள் குடியிருப்பில் ராகேல் வால்ட்னர் நான்கு பேர்.
வாத்து ராகேல், ரொட்டி ராகேல்,
ஒரு கால் சற்றே குட்டையான ராகேல்.
மிச்சமிருப்பவள் நான்.

மனிடோபாவின் தட்டை நிலத்தில்
நூற்றுப்பத்துப் பேருக்கு ஒரே சமையலறை,
ஒரே வங்கிக் கணக்கு.
கறுப்புத் தலைத்துணி, அதில் வெள்ளைப் புள்ளிகள்.
பின்னாலிருந்து பார்த்தால்
என்னைப் பெற்றவளே வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.

எனக்குக் காது உண்டு.
அதாவது, அறுவடை இயந்திரம்
வயலின் கடைக்கோடியில் திரும்பும்போது
எந்த பேரிங் நாளை உடையும் என்று
பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொல்லிவிடுவேன்.
சொல்வது அண்ணன் அந்திரேயாஸிடம்.
அவன் போய்ப் பட்டறையில் சொல்வான்.
"உன் அண்ணனுக்குத் தேவன் கொடுத்த வரம்"
என்பார்கள் என்னிடமே.
ஆமென் என்பேன்.
முழுப் பொய்யில்லை,
பாதிதான்.

வரும் வசந்தத்தில் எனக்கு ஞானஸ்நானம்.
சுயத்தைக் கொடுத்துவிட வேண்டும்,
அரைபட மறுக்கும் கோதுமை எலிக்குத்தான்
என்கிறார் பிரசங்கியார்.
கொடுக்கிறேன். ஆனால்
ஒரு நாளாவது கையில் ஏந்திப் பார்த்தால்தானே
எவ்வளவு கனம் என்று தெரியும்?

வின்னிபெக்குக்கு ஓடிப்போன சாராள்
கேக் கடையில் அச்சடித்துத் தந்த பெயரட்டையை
உறையில் வைத்து அனுப்பியிருந்தாள்.
பின்பக்கம் பென்சிலில்:
"ஞாயிற்றுக்கிழமை இந்த அட்டைக்கு வேலையில்லை.
எனக்கும்."

இவ்வளவு கேட்கும் காதுக்கு
ஒன்று மட்டும் கேட்காது.
மாலை ஜெபத்தில் பிரசங்கியார் ஓர் அடி சொல்ல,
நாங்கள் அதைத் திருப்பி எறிவோம்.
வாத்தியம் இல்லை, இன்னொரு சுரம் இல்லை,
தொண்டை கிழிய ஒரே குரல்.
அதற்குள் என் குரலைத் தேடியிருக்கிறேன்.
இல்லை.
சில நாள் அது பயம்.
சில நாள், பொழுதெல்லாம் நின்ற காலுக்கு
வெந்நீர்.

அக்டோபர். செவ்வாய். மூன்றாம் சரணம்.
சுவருக்கு அப்பால் சோளம் காயவைக்கும் இயந்திரம்
ஒரே ஒரு முறை மூச்சை மாற்றியது.
அந்திரேயாஸ் ஆண்கள் வரிசையில், கண்மூடி.
சாடை காட்ட வழியில்லை.
எழுந்தேன்.
பாட்டின் நடுவே ஒருத்தி எழுந்து
அந்தப் பெஞ்சுக்குப் பழக்கமில்லை,
கிறீச்சிட்டது.

வெளியே குளிர், டீசல், கருகும் உமி.
சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தேன்.
விசிறி ஓய்ந்தது.
அந்த இடைவெளியில் அவர்கள் பாடுவது கேட்டது.
இருபத்து மூன்று வருஷத்தில்
அதை நான் வெளியே நின்று கேட்டதே இல்லை.
நன்றாகத்தான் இருந்தது.
நன்றாக இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

ராத்திரி பாத்திரம் கழுவுகையில்
பெஞ்சில் என் பக்கத்து இடத்துக்காரி சூசன்னா முறைத்தாள்.
களஞ்சியம் தப்பியது பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"நீ எழுந்து போனதும்
என் தப்புச் சுதி சபை முழுக்கக் கேட்டுவிட்டது.
இத்தனை நாள் உன் குரலில்தானே சாய்ந்துகொண்டிருந்தேன்?
இனிமேல் சொல்லிவிட்டுப் போ."

தட்டைத் துடைத்தேன்.
துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தேன்.