தாண்டிப் போன சொல்

ஜெலுத்தோங்கில், பெயிண்டுக் கடைக்கு மேல்மாடியில்
புதன் இரவு எட்டு மணிக்குப்
பதினொரு பேருக்கு ஆங்கிலம் வாசிக்கச் சொல்லித்தருகிறேன்.
வெண்பலகையில் போன வருடத்து நீல மை
இன்னும் போகவில்லை.

படத்தைப் பாருங்கள், கதையை ஊகியுங்கள் என்பேன்.
படத்தில் பனி.
காவலாளி டில் பகதூர் மட்டும் தலையாட்டுகிறார்.
மற்றவர்களுக்கு அது கொட்டிய மாவு.

சன்னலைத் திறந்து 'ஏர்' வரவிட்டான் என்ற வரியை
சுமியாத்தி 'ஆயர்' என்று படித்தாள்.
அவள் தினமும் ஏறும் ஆயர் ஈத்தாம் பேருந்தின் நெற்றியில்
அதே மூன்று எழுத்து. மலாயில் தண்ணீர்.
சன்னல் வழியாகத் தண்ணீர் எப்படி வரும் என்று கேட்டேன்.
"மழை, டீச்சர்."
சரிதான். பினாங்கு மழை சன்னலைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

பிறகு அன்றைய பாடம்:
தெரியாத சொல் வந்தால் நிற்க வேண்டாம்.
தாண்டுங்கள். வாக்கியத்தின் கடைசிவரை போங்கள்.
பக்கத்துச் சொற்கள் அதைக் காட்டிக்கொடுக்கும்.

தனபாக்கியம் அக்கா கையைத் தூக்காமலே பேசினார்.
"தாண்டித்தான் படிச்சேன் டீச்சர்.
ஆஸ்பத்திரி நாலாவது மாடி டாய்லெட்டு.
போத்தல்ல 'மிக்ஸ்' தெரிஞ்சுச்சு. 'பிளீச்' தெரிஞ்சுச்சு.
முன்னாடி 'நெவர்'னு ஒண்ணு. அது யாருன்னு தெரியல.
தாண்டிட்டு, கலந்தேன்.
கண்ணு எரிஞ்சு, தொண்ட அடைச்சு
லிஃப்ட் வாசல்ல வந்து விழுந்தேன்.
படிக்கத் தெரியாதான்னு கேட்டாரு சூப்பர்வைசரு.
படிச்சுத்தான் கலந்தேன்னு
எப்படிச் சொல்றது?"

கீழே ஷட்டர் இறங்கும் சத்தம்.
என் கையேட்டில் அந்தப் பக்கத்தில்
ஒரு முயல் வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தது.

கலக்காதே.
தமிழில் மறுப்பு வினைக்குள்ளேயே குடியிருக்கிறது,
வினையைத் தாண்டாமல் அதைத் தாண்ட வழியில்லை.
ஆங்கிலத்தில் அது வெளியே, தனியாக,
டில் பகதூர் மாதிரி சீருடையோடு நிற்கிறது.
எல்லாரும் பார்க்காமலே உள்ளே போகிறார்கள்.
இருபது வருடம் படித்தவள் நான்,
அன்றைக்குத்தான் இதைக் கண்டேன்.

அடுத்த புதன் கதைப்புத்தகம் எடுக்கவில்லை.
வேலையிடத்தில் இருந்து எழுத்துள்ள ஏதாவது
கொண்டுவரச் சொல்லியிருந்தேன்.
மேசையில் போத்தல்கள், ஒரு உரப்பை,
கையுறைப் பெட்டியின் மூடி.
லால்ரெம் மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கடிதம்.
இதில் ஒரு சொல்லும் தாண்டக் கூடாது என்றான்,
மலாயில், மெதுவாக.

முதல் வரியிலேயே ஒன்பதரை ஆகிவிட்டது.