டவுன் பதிப்பு

ராத்திரி பதினொன்று நாற்பது.
சிம்மக்கல் அலுவலகம், இரண்டாம் மாடி.
சுவர்த்திரையில் எண்கள் ஏறுகின்றன:
அழகர் நாளை என்ன நிறப் பட்டு உடுத்துவார்?
இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் பேர்
ஆறு நனையுமுன்னே பார்த்துவிட்டார்கள்.

தவசி அனுப்பிய செய்தி என் மேசைக்கு வருகிறது.
சென்டிமீட்டர் கணக்கில் கூலி அவருக்கு.
மூன்று தாலுகாவுக்கும் இப்போது அவர் ஒருவர்தான்,
மற்ற இருவரைத் தை மாதம் நிறுத்திவிட்டார்கள்.
ஸ்டேஷன் வாசலில் நின்று
கட்டைவிரலால் அடித்த ஒன்பது வரி.
நாகமுத்துப்பட்டியில் சடையன், வயது 67,
உடலைப் பொதுப்பாதையில் கொண்டுசெல்ல
ஊர்மக்கள் எதிர்ப்பு.
இரு தரப்பினரிடையே தள்ளுமுள்ளு.
போலீசார் சமரசம்.

“அண்ணே, மறிச்சவங்க ஊர்மக்கள்னா
பாடையில கிடந்தவரு எந்த ஊரு?”

சிவசைலம் அண்ணன் கெட்டவர் இல்லை.
சம்பளம் பிந்திய மாதம் என் வாடகையைக் கொடுத்தவர்.
கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.
“முப்பது வருஷமா இப்படித்தாம்மா எழுதுறோம்.
யாரும் கேட்டதில்ல.”

கேட்க யார் இருந்தார்கள்?
ஏழு நாற்காலி.
ஆறு பேருக்கு ஊர் என்றால் ஊர்.
எனக்கு அது ஓடைக்கு அந்தப் பக்கம்.
அதன் வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனேன்,
கணக்கு நோட்டின் அட்டையில்
பைக்குள் ஒளித்த செருப்பின் ஈரத்தடத்தோடு.

அதை இங்கே சொல்வதில்லை.
சொன்னால் மறுநாளே
“உங்க பக்கத்து நியூஸெல்லாம் நீயே பாரும்மா” என்பார்கள்.
பட்ஜெட்டை அவர்கள் பார்ப்பார்கள்.

பெண்கள் கழிப்பறைச் சாவி விளம்பரப் பிரிவில் இருக்கிறது.
விளம்பரப் பிரிவு ஆறு மணிக்குப் பூட்டிவிடும்.
நான் தண்ணீர் குடிக்காமல் எடிட் செய்கிறேன்.

அரைப்பக்க நகைக்கடை வந்திறங்க
ஒன்பது வரி ஆறாகிறது.
“மறிச்சது யாருன்னு போட்டா
காலையில போன் மேல போன் வரும்.”
“வரட்டும்ணே.”
“போன் உனக்கா வரும்?”
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
மின்விசிறி மட்டும் சுற்றுகிறது.
பிறகு, திரையைப் பார்த்தபடியே,
“வெளியூர்ப் பதிப்பு வண்டி ஏறிடுச்சு.
டவுனுக்கு மாத்திக்க.”

மாற்றினேன்.
ஊர்மக்கள் என்ற சொல்லை எடுத்தேன்.
பாதையை மறித்த சாதியின் பெயரை,
நடந்து வந்தவர்களின் உரிமையை,
ஆறு வரிக்குள் மடித்து வைத்தேன்.
ஒன்றேகாலுக்கு மிஷின் ஓடத் தரை அதிர்ந்தது.
சிம்மக்கல்லும் அண்ணா நகரும் கே.கே. நகரும்
காபியோடு படிக்கும், என் வாக்கியத்தை.
நாகமுத்துப்பட்டிக்குப் போகும் கட்டில்
பழைய வாக்கியம் வாடிப்பட்டியைத் தாண்டியிருக்கும்.

காலை பத்தரைக்கு ஒரு போன்.
“பேப்பர் ஆபீஸா சார்?”
சார் இல்லை என்று சொல்லவில்லை.
“நேத்து செத்தவரோட மகன் பேசுறேன்.”

ஊர்மக்கள் என்ற சொல்தான் என்று நினைத்தேன்.
டவுனில் மாற்றிவிட்டோம் என்று
அவசரமாக ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது சார்.
எங்கப்பா பேரு சடையப்பன்.
சடையன்னு அவங்கதான் கூப்பிடுவாங்க.”

இரண்டு பதிப்பையும் எடுத்து விரித்தேன்.
அங்கும் சடையன். இங்கும் சடையன்.
போலீஸ் எழுதியதைத் தவசி எழுதினார்.
தவசி எழுதியதை நான் விட்டேன்.
ஒரு சொல்லுக்காகப் பாதி ராத்திரி வாதாடிய நான்
ஒரு பெயரைக் கேட்க
ஒரு போன் போடவில்லை.

திருத்தம் போடுகிறேன் என்றேன்.
திருத்தத்துக்கு எங்கள் தாளில்
ஒரு சென்டிமீட்டர் இடம் உண்டு.
பேனாவை எடுத்துக்கொண்டு,
“இனிஷியல் என்னங்க?”

அந்தப் பக்கம் சத்தமில்லை.
பிறகு தூரத்தில்,
அழுது ஓய்ந்த ஒரு வீட்டுக்குள்ளே,
அவர் யாரையோ கேட்கிறார்:

“தாத்தாவோட முழுப் பேரு என்னம்மா?”