எக்ஸ்ரே பெட்டியின் மேல் கடல்

மூன்று வாரம் கழித்து
கெட்டி உறையில் வந்து சேர்ந்தது என் முதல் ஸ்லைடு சுருள்.
நான்கு துண்டு, துண்டுக்கு மூன்று கட்டம்,
ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும் சதுரம்.
லியபாயாவில் மாலை நாலு மணிக்கே
இருட்டிவிடும் மாதம் இது.
என் அறையில் இருப்பதோ
எதைக் காட்டினாலும் மஞ்சளாக்கும் ஒரே பல்பு.

ஆகவே கால்நடை மருத்துவமனைக்கே எடுத்துப் போனேன்.
இரவுப் பணி.
மூலையில் பழைய எக்ஸ்ரே பெட்டி,
கணினி வந்ததிலிருந்து
பூனைத் தீவன டப்பாக்களைச் சுமந்துகொண்டு.
இறக்கி வைத்து, தூசி தட்டி, சுவிட்சைப் போட்டேன்.
இரண்டு முறை இமைத்து
மூன்றாவதில் விழித்தது.

கூண்டில் கிப்பிஸ்,
மயக்கம் பாதி தெளிந்த டாக்ஸ்ஹண்ட்.
அது விழுங்கிய காலுறையை மதியம்தான் எடுத்திருந்தோம்.
தலையைத் தூக்கியது, பார்த்தது,
பிரயோஜனமில்லை என்று படுத்துக்கொண்டது.

உண்ணி தேடும் பூதக்கண்ணாடியைத் துடைத்து
முதல் துண்டின் மேல் குனிந்தேன்.

இத்தனை சின்னச் சதுரத்துக்குள்
இறங்கி நடக்கலாம் என்று
யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.
அலைத்தடுப்புச் சுவர், சுவரில் பாசி,
பாசியில் சிக்கிய நீல நைலான் நூல்.
அந்த நூலை அன்று நான் பார்க்கவே இல்லை.

ஆனால் எல்லாமே பச்சை.
கடல் பச்சை, மணல் பச்சை,
சாய்ந்து கிடக்கும் கோட்டைச் சுவர்
காய்ச்சல் கண்டதுபோல் பச்சை.

கைக்குக் கிடைத்த சீட்டின் பின்பக்கம்
எழுதத் தொடங்கினேன்.
ஒன்று: விளிம்பில் வெளிச்சம் கசிந்திருக்கிறது,
வெயிலில் நின்று சுருள் மாட்டிய அவசரம்.
மூன்று: வானம் செத்துவிட்டது.
அங்கே மேகம் இல்லை, வெறும் பிளாஸ்டிக்.
நெகட்டிவ் மன்னிக்கும், இது மன்னிக்காது.
நான்கும் ஐந்தும்
காலைப் பேருந்துபோல் ஒன்றன்மேல் ஒன்று.
ஆறில் கப்பலின் பெயர் தலைகீழ் மொழியில்.
பயந்தேன்.
பிறகு புரிந்து, துண்டைத் திருப்பிப் போட்டேன்.
அதுவரை துறைமுகத்துக்குள் வந்துகொண்டிருந்த கப்பல்
வெளியே போகத் தொடங்கியது.

காபிக்கு எழுந்து வந்த டாக்டர் ஒயார்ஸ்
பழக்க தோஷத்தில் பெட்டியருகே நின்று
பன்னிரண்டையும் வரிசையாகப் பார்த்தார்.
"எலும்பு எதுவும் முறியவில்லை" என்றார்.
எட்டாவதைத் தொட்டு,
"இங்கே அடிவானம் மட்டும் கொஞ்சம் விலகியிருக்கிறது.
கட்டுப் போட்டால் கூடிவிடும்."
கோப்பையோடு போய்விட்டார்.
எனக்குச் சிரிப்பும் வந்தது,
கொஞ்சம் கோபமும்.

ஒன்பது முழுக் கறுப்பு.
கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தும் கறுப்பு.
குப்பை, என்று எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

விடிந்தபோது மணி ஒன்பது.
இரவெல்லாம் பனி பெய்திருந்தது போலும்,
முற்றத்தில் நின்ற ஆம்புலன்சின் சக்கரங்களைக் காணோம்.
உறையில் போடுவதற்கு முன்
இடுக்கியால் ஒரு துண்டைப் பிடித்து
சும்மாதான், சன்னல் பக்கம் தூக்கினேன்.

பச்சை இல்லை.
சாம்பல்.
அன்று என் விரல் விறைத்த அதே சாம்பல்.
ராத்திரி முழுக்க
குழல்விளக்கின் நோயைக்
கடலின் பேரில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவசரமாக ஒன்பதைத் தேடி எடுத்தேன்.
அத்தனை பனியும் அதன் பின்னால் நிற்க
கறுப்பு மெல்ல அடுக்கடுக்காகப் பிரிந்தது.
கோட்டை வாசல், ஒரு தூண்டில்,
குவித்த இரண்டு கைகள்,
கைகளுக்குள் தீக்குச்சி,
அதில் பாதிக் கன்னம்.
யார் என்று தெரியாது.
நான் எடுத்தது சுவரைத்தான்.

குப்பையை அடித்துவிட்டு,
"இன்னும் வெளிச்சம் வேண்டும்" என்று எழுதி முடிப்பதற்குள்
கிப்பிஸை அழைத்துப் போக ஸ்கைத்ரீத்தே அம்மாள் வந்துவிட்டார்.
மருந்துச் சீட்டு எங்கே என்றார். நீட்டினேன்.

முன்பக்கம் படித்தார்: இரண்டு நாள் கஞ்சி மட்டும்.
திருப்பினார்.
நெடுநேரம் படித்தார்.

"வானம் செத்துவிட்டது," என்றார் மெதுவாக,
"இதுவும் இவனுக்கா?"

கிப்பிஸ் அதற்குள்
வாசற்கதவை முகர்ந்துகொண்டிருந்தது.