ஊத்துக்குளி சிக்னல்

ஈரோட்டில் ஏறும்போது
கடைவாய்ப் பல்லும் கூடவே ஏறிக்கொண்டது
டிக்கெட் எடுக்காமல்.
தன்பாத்திலிருந்து மூன்றாம் நாளாக ஓடிவரும் பெட்டி,
ஆரஞ்சுத் தோல், மூத்திர நெடி,
ஜன்னல் கம்பியில் யாரோ காயப்போட்ட துண்டு.

கதவோரம் ஏழு பேர்.
நடுவில் ஒரு பச்சை பெயிண்ட் டப்பா,
மூடியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.
வண்டி மெதுவானால் எழுந்துகொள்வார்கள்.
"திருப்பூர்?"
தாடையைப் பிடித்த கையை எடுக்காமல்
இல்லையென்று தலையாட்டினேன்.
ஈங்கூரில் கேட்டார்கள், விஜயமங்கலத்தில் கேட்டார்கள்,
நிற்காமல் போன ஊருக்கெல்லாம் கேட்டார்கள்.

ஊத்துக்குளிக்குச் சற்று முன்னால்
சிவப்பு விழுந்தது.
வெளியே சோளத்தட்டுப் போர், கிளுவை வேலி,
ஓர் எருமை. அவ்வளவுதான்.
அதற்குள் ஒருவன் குதித்துவிட்டான்,
டப்பாவையும் இறக்கிவிட்டான்.
"இதில்லீங்க, ஏறுங்க, ஏறுங்க!"
பல்லை மறந்து கத்தினேன்
தமிழில்.
ஏறிவிட்டான்.

பேர் சுக்லால் முர்மு, ஊர் தும்கா பக்கம்.
உள்ளங்கையை விரித்தான்:
நீலப் பேனாவில் ஒரு போன் நம்பர்.
கடைசிக்கு முந்தின இலக்கத்தை
வியர்வை தின்றிருந்தது,
ஒன்றா, ஏழா?
அவன் போனில் காசு தீர்ந்துபோயிருந்தது.

ஒன்று போட்டேன்.
"ஆருங்கோ? மோட்டார் கட்டறதுக்குங்களா?
நாளைக்கு வாங்கோ."
ஏழு போட்டேன்.
"வந்துட்டானுகளா? எத்தன பீசு?"

எங்கள் பக்கம் பீசு என்றால் பனியன்.
கை, கழுத்து, பாடி என்று வெட்டி
கட்டுக் கட்டாய் எண்ணுவார்கள்.
நானும் எண்ணியிருக்கிறேன்
இரண்டு வருஷம், அனுப்பர்பாளையத்தில்.
"ஏழு பேருங்க" என்றேன்.
வைத்துவிட்டான்.

சுக்லால் என் வாயையே பார்த்தான்.
எனக்கு இந்தி பத்து வரை எண்ண வரும்,
அப்புறம் 'டீக் ஹை'.
டீக் ஹை என்றேன்.
ஏழு முகத்திலும் அது
ஒன்றன்பின் ஒன்றாய்ப் போய்ச் சேர்ந்தது.

அதுவரை பேசாதிருந்த ஒரு பெண்
முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
பத்து ரூபாய்த் தாள், ஒரு சாவி, கிராம்பு நாலைந்து.
ஒன்றை எடுத்து
தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்,
பிறகு என் கன்னத்தை, தொடாமல்.
எந்த வீட்டுச் சாவியோ.
கடித்தேன். காரம் காதுவரை ஏறியது.

திருப்பூரில் கேட்கவே இல்லை,
கூட்டம் தள்ளித் தானாக இறங்கினார்கள்.
பிளாட்பாரத்தில் சிவப்புத் தொப்பிக்காரன் ஒருவன்
விரலை நீட்டி நீட்டி எண்ணினான்.
வண்டி நகர்ந்தது. ஆறுவரை
நானும் எண்ணினேன், தூண் மறைத்துவிட்டது.

கோயமுத்தூரில் டாக்டர்
விளக்கை வாய்க்கு நேரே இழுத்தார்.
"அட, கிராம்பு வெச்சிருக்கீங்க.
யார் சொன்னது?"
இடுக்கி உள்ளே இருந்தது.
வாய் முழுக்கத் திறந்திருந்தும்
சொல்ல முடியவில்லை.