கறுத்த நகம்

யீஷூன் ரயில் நிலையத்தில்
தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றபடியே ஒருவர் நீட்டிய கேமரா.
எண்பது வெள்ளி.
குறை ஒன்றுதான், முதலிலேயே சொல்லிவிட்டார்:
பேட்டரியைக் கழற்றினால் தேதி மறந்துவிடும்.

அதனால் இந்த ஆண்டு நான் எடுத்ததெல்லாம்
ஜனவரி ஒன்று, இரண்டாயிரம்.
அன்று எனக்குப் பதினாறு வயது.
அன்றைக்கே எனக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள்,
செங்காங்கில் பதினோராம் மாடி வீடு
என்று சாதிக்கிறது பெட்டி.

டிசம்பர் விடுமுறை. ஜன்னலில் மழை.
ஆல்பம் போடணும், வரிசையா அடுக்குங்க என்றாள் தமயந்தி.
எதை வைத்து அடுக்க?
பனி விழாத ஊர்.
பன்னிரண்டு மாதமும் அதே அரைக்கால்சட்டை, அதே வியர்வை,
நாலு மணிக்கு அதே மேகம்.
"மழை பெய்யுதே, அப்ப இது டிசம்பர்" என்றாள் நித்திலா.
இங்கே எப்போது பெய்யவில்லை?

சில படங்கள் தாமாகவே பேசின.
கேம்பல் லேன் பொங்கல் மாடு
வேலவனின் சட்டைக் கையை நக்குகிறது.
துணி காயும் கழிகளுக்கு மேலே
கொடியைத் தொங்கவிட்டுப் போகும் ஹெலிகாப்டர்,
(ஒத்திகையா, அசலா? ஜூலையா, ஆகஸ்டா?)
பாதிக் கொடியை என் சட்டை மறைத்திருக்கிறது.
மற்றதெல்லாம்
கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு.

பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது.

வேலவன் ஓரிடத்தில் நிற்கிற பிள்ளை இல்லை.
ஓடிவிடாமல் இருக்க
எல்லாப் படத்திலும் அவன் தோளில் தமயந்தியின் கை.
அந்தக் கையின் நடுவிரல் நகத்தில்
ஒரு கறுப்பு.

ஜூன். மலாக்கா.
ஆற்றின் மேல் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.
சீக்கிரம், சீக்கிரம் என்று
டாக்சிக் கதவை அறைந்து சாத்தியது நான்.
அவள் கத்தவில்லை.
விரலை வாயில் வைத்துக்கொண்டு
பிள்ளைகளை இறக்கி நிறுத்தினாள்.
அந்தப் படம் நன்றாக வந்தது. படகு, விளக்கு, நீரில் விளக்கு.
அதில் மட்டும் வேலவனின் தோள் காலி.

பிறகு எளிதாகிவிட்டது.
நகத்தின் அடியில் கறுப்பு என்றால்
புலாவ் உபின்: சங்கிலி கழன்ற சைக்கிள்,
மூவர் மேலும் நீளமாய் விழுந்த என் நிழல்.
கொஞ்சம் ஏறினால் கல்லாங் ஆற்றங்கரை.
நீர்நாய் வந்தது. படத்தில் தண்ணீர்தான் வந்தது.
நடு நகத்துக்கு வந்தபோது பாத்தாம் படகுத்துறை,
வாந்தி எடுத்து முடித்த பையனின் வெற்றிச் சிரிப்பு.
அதற்கும் மேலே
மின்தூக்கிக்கு முன்னால் பள்ளிப்பைகளோடு
எதற்கென்றே தெரியாமல் எடுத்த ஒரு செவ்வாய்க்கிழமை.
சிராங்கூன் சாலை தீபாவளி விளக்குகளின் கீழே
நகமெல்லாம் மருதாணிச் சிவப்பு,
விளிம்பில் மட்டும் கறுப்பாய் ஒரு கீற்று.

ஐந்து மாதம்
ஒரு தேய்பிறை அவள் விரலில் ஏறிப் போயிருக்கிறது.
நான் குவியம் சரிசெய்துகொண்டிருந்தேன்,
பின்னால் இருந்த கட்டடத்துக்கு.

"வலிச்சுதா? சொல்லவே இல்லையே."
"என்னத்தச் சொல்ல?
பார்த்துக்கிட்டேதானே இருந்தீங்க."

மீதம் இருபத்திரண்டு படங்கள்.
பாசிர் ரிஸ் மணல், காப்பிக்கடை மேசை,
யாருடைய பிறந்தநாளோ, பலூன்கள்.
எல்லாவற்றிலும் நகம் சுத்தம்.
கதவுக்கு முந்தைய மே மாதமா,
நகவெட்டிக்குப் பிந்தைய நவம்பரா?

"இதை எப்படி அடுக்குவது?" என்றேன்.

கழுவிய தட்டுகளைக் கவிழ்த்து வைத்தபடி,
திரும்பாமல்,
"அதுக்குன்னு இன்னொரு கதவைச் சாத்திடாதீங்க."