கோப்பிக் கறை

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு
ஒரு பட்டுக் கழுத்துப்பட்டி வந்தது.
நீலம். நடுவில் நாக்கு நீளத்தில் கறை.
"கோப்பி" என்றார் திரு. அம்ரைன்.
சீட்டில் கோப்பி என்றே எழுதினேன்.

என்னை அவருக்குத் தெரியாது.
எங்கள் குடியிருப்பை நிர்வகிக்கும் கந்தோரிலிருந்து
எனக்கு வந்த மூன்று கடிதங்களின் அடியிலும்
கோழி கிளறியதுபோல அவர் கையெழுத்து.
பொருள்: படிக்கட்டில் சமையல் மணம்.
மூன்றாவதில் "கடைசி முறையாக" மட்டும் தடித்த எழுத்தில்.

மணத்துக்கு நான் என்ன செய்ய?
காற்றில் கலக்க எதுவும் எவரையும் கேட்பதில்லை.
அங்கே கைகோர்க்க ஆளில்லை, இடம் மட்டும் தாராளம்.
தாளித்த வெந்தயத்தின் ஒரு மூலக்கூறு
கதவின் கீழால் போய், இரண்டாம் மாடி திரும்பி,
தபால்பெட்டிகள் வரை தனியே நடக்கும்.

திரவத்தில்தான் வழக்கு.

எம்மன்புரூக்கே ரயில் நிலையத்துக்குப் பின்தெரு.
பத்து வருடமாக இந்த மேசையில் நிற்கிறேன்,
இடப்பக்கம் நீராவிக் குழல், வலப்பக்கம் பதினொரு போத்தல்.
கறை போக்குவதைச் சண்டை என்று நினைக்கிறார்கள்.
இல்லை, கறையின் சொந்தக்காரரைத் தேடுவது.
சீனி தண்ணீரோடு போகும். லிப்ஸ்டிக் போகாது.
நகப்பூச்சு அசிற்றோனைக் கண்டால்
கூப்பிட முன்னமே எழும்பி வரும்.

தண்ணீர் எண்ணெயை வெறுக்கிறது என்று
பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். பொய்.
தண்ணீருக்கு எண்ணெயில் கோபமே இல்லை,
தன் ஆட்களின் கையை விட மனமில்லை.
வளைந்த உடம்பு, ஒரு புறம் கூட்டல், மறுபுறம் கழித்தல்,
பிடித்து, விட்டு, வேறொன்றைப் பிடித்து
ஓயாத அந்தக் கூட்டத்தில் எண்ணெய்க்கு ஒரு கதிரை போட
எத்தனை பேர் அசையாமல் முறுகி நிற்கவேண்டும்!
பின்னால், இயந்திரத்தின் கண்ணாடிக் குவளையில்
நாள் முழுதும் இதே கதை:
கரைப்பான் கனம், கீழே. தண்ணீர் மேலே.
நடுவில் ஒரு கோடு, யாரும் கீறாதது.

"நீ சவர்க்காரம் மாதிரி" என்பாள் ஷ்குர்தே,
"ஒரு கை அங்கே, ஒரு கை இங்கே."
சவர்க்காரத்துக்குப் பின்னேரம் கால் வீங்காது என்பேன்.

கோப்பி காய்ந்தால் விளிம்பு கறுக்கும்.
இதற்கு விளிம்பில் எண்ணெய் வளையம்.
பட்டுக்குக் காரம் ஆகாது, தெரியும்.
ஆனாலும் உள்மடிப்பில், ஊறியிருந்த ஓரத்தில்,
பஞ்சுக்குச்சியால் ஒரு பொட்டுச் சவர்க்காரத் தண்ணீர் வைத்தேன்.
சிவந்தது.
ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு விழுந்ததுபோல
கேட்ட உடனே சிவந்தது.

மஞ்சள்.
குனிந்து முகர்ந்தேன். தேங்காய்ப்பால், கறிவேப்பிலை.
சொதி!

எந்த வீட்டில்? எத்தனையாம் மாடியில்?
திரையாமல் துழாவி, இறக்கி வைத்து,
சூடு தணியத் தேசிக்காய் பிழிந்து கொடுத்தது யார்?
இடியப்பத்தை முள்ளுக்கரண்டியால் சுற்றினாரா,
கையாலேயே குழைத்தாரா?
அவசரமாய்க் குனிந்ததில்
கழுத்துப்பட்டிதான் முதலில் ருசி பார்த்ததா?
ஏன் சிரிக்கிறாய் என்றாள் ஷ்குர்தே.
கோப்பி என்றேன்.

ஒரு துளி வினாகிரி; சிவப்பு மறுபடி மஞ்சளானது.
எண்ணெய் கரைப்பானோடு போயிற்று.
மஞ்சள் தண்ணீரைத் திரும்பியும் பார்க்கவில்லை,
அற்ககோல் தொட்டதும் பாதி இறங்கியது.
மிச்சத்தை யன்னலில், வெயிலில் தொங்கவிட்டேன்.
மஞ்சளுக்கு வெயில் ஆகாது.

மத்தியானம் ஆற்றங்கரையில் சாப்பிட்டேன்.
முந்தின இரவு மழையில் சின்ன எம்மே சேறாகி வந்து
பச்சை றொய்ஸ் ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது.
இரண்டும் தண்ணீர், தடை ஒன்றுமில்லை.
ஆனாலும் பாலம் தாண்டியும் கோடு தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அம்ரைன் வந்தார்.
வெளிச்சத்தில் பிடித்து, திருப்பிப் பார்த்தார்.
"கோப்பி போக்குவது கஷ்டமோ?"
"சில கோப்பி மட்டும்."
பன்னிரண்டு பிராங்க். மீதி வேண்டாம் என்றார்.
கதவடியில் ஒரு கணம் நின்று
மூக்கை மெல்ல உயர்த்தினார்.
என் சாப்பாட்டுப் பெட்டி மூடித்தான் இருந்தது,
மூடிதான் அவ்வளவு இறுக்கமில்லை.